மீனலோசனி படித்த கேள்விகள்

வேலணையில் புகையிலைக் கன்றுகளோடு ஜேர்மன் பாஷை பேசிய ஒரே மனுசி மீனலோசனியாகத்தான் இருக்கவேண்டும். எண்பதாம் ஆண்டு கார்த்திகை மாதம், விடிய ஐந்தரைக்கே தோட்டத்தில் நிற்பாள். வாடைக் காற்று முழங்கால் வரை குளிரும். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஊற்றிவிட்டு, குனிந்து கேட்பாள்:

“ஹாஸ்ற் டூ கெட்ருங்கன்?”

குடிச்சிட்டியோ என்று அர்த்தம். அடுத்த கன்றிடம் நித்திரை கொண்டியோ என்று கேட்பாள். அதற்கடுத்ததிடம், எங்கை போயிருந்தனீ என்று. நட்ட இடத்தை விட்டு அசையாத கன்று எங்கே போயிருக்கப்போகிறது? ஆனாலும் கேட்டாள். படிப்பு என்றால் படிப்புத்தானே.

மாட்டு வண்டியில் எருக் கொண்டுபோன வைத்திலிங்கம் ஒருநாள் வண்டியை நிற்பாட்டியே விட்டார்.

“என்ன பிள்ளை, புகையிலையோடை கதை? புருசன் கூப்பிடமுதல் உனக்கு விசர் முத்திப்போடும் போலை கிடக்கு.”

“விசரில்லை அண்ணை, ஜேர்மன்!”

“ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியேல்லை எனக்கு” என்று சொல்லிவிட்டு அவர் மாட்டைத் தட்டினார். மீனலோசனி வாய்விட்டுச் சிரித்தாள்.

அவளுக்கு அப்போது முப்பது வயது. ஊர் அனலைதீவு. வேலணைச் செல்வரத்தினத்தைக் கட்டிக்கொண்டு வந்து ஒன்றரை வருசம் சேர்ந்து வாழ்ந்தாள். பிள்ளை குட்டி இல்லை. எழுபத்தெட்டாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு அவன் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினுக்குப் போய், அங்கிருந்து சுரங்க ரயிலேறி மேற்குப் பக்கம் இறங்கிவிட்டான். மாமனார் எப்போதோ செத்துப்போனார். வீட்டில் மிச்சம் மாமி சிவக்கொழுந்தும் அவளும்தான். ஆயிரத்து இருநூறு கன்றும், கிணறும், பனங்காணித் துண்டொன்றும் அந்த இரண்டு பெண்களின் தலையில்.

புரட்டாதியில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவன் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரிக்கு ஹெல்கா என்று பெயராம். கைக்குழந்தை இருக்கிறதாம். வேலைக்குப் போகிறவளாம். பிள்ளை பார்க்க ஒரு ஆள் தேடுகிறாளாம். ‘உன்னை எடுப்பிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கலியாணம் கட்டின பெண்சாதி என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். ஆனபடியால் என்னுடைய தங்கச்சி என்று சொல்லி வைத்திருக்கிறேன். எல்லாம் பேப்பருக்குத்தான். நீ கொஞ்சம் பாஷை படி. பெரிய படிப்பு வேண்டாம், வீட்டில் கேட்கிற கேள்விகள் போதும்’ என்று எழுதி, அடியில் ஒரு பட்டியலும் போட்டிருந்தான். குழந்தை பால் குடித்ததா? குழந்தை நித்திரை கொண்டதா? நீங்கள் சாப்பிட்டீர்களா? கதவைப் பூட்டினீர்களா? இப்படிப் பதினாறு கேள்விகள்.

தங்கச்சி என்று வாசித்த இடத்தில் அவளுக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. அவர்களுடைய கலியாணத்துக்கு எழுத்து எழுதியிருக்கவில்லை. தாலி கட்டின கையோடு பதியலாம் என்று இருந்து, பிறகு மாதம் சரியில்லை என்று தள்ளிப்போட்டு, அப்படியே விட்டுப்போயிற்று. அந்த நாளில் தீவுப்பக்கத்தில் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

“மாமி, தங்கச்சி எண்டு போறது சரியே?” என்று கேட்டாள்.

சிவக்கொழுந்து ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “பேப்பரிலை என்ன எண்டால் என்ன? போய்ச் சேர் பிள்ளை. அவன் சொன்னதைப் படி.”

படிப்பிக்க ஆள் வேண்டுமே! ஊர்காவற்துறையில் கத்தரீனா இருந்தாள். வள்ளமும் வலையும் வைத்திருந்த யாகப்பு சம்மாட்டியின் தங்கை. பத்தொன்பது வயதில் கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்று ஜேர்மனிக்குப் போய், ஒரு மடத்துக் குசினியில் ஐந்து வருசம் உருளைக்கிழங்கு சீவி, குளிர் ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்தவள். மீனலோசனியைவிட இரண்டு வயது மூப்பு. தமையன் பிடித்துவரும் மீனை வெட்டி உப்புப் போட்டுக் காயவைப்பது இப்போது அவள் தொழில்.

போக விட்ட மாமி, சாதி பார்த்து ஒன்றை மட்டும் சொல்லி விட்டாள். “கரையார் வீட்டிலை தண்ணி வென்னி குடியாதை.”

செவ்வாயும் வெள்ளியும் பின்னேர பஸ்ஸில் மீனலோசனி போவாள். கத்தரீனா சாக்கில் இருந்து சூடை மீனைப் பரப்பிக்கொண்டே பாடம் எடுப்பாள். காகம் கலைக்க ஒரு தடி மடியில் கிடக்கும்.

“இஞ்சை பாரும் மீனா. நடந்து முடிஞ்ச காரியத்தைக் கேக்கிறதெண்டால் அவையளுக்கு ரெண்டு சொல் வேணும். ஒண்டு முன்னுக்கு வந்து நிக்கும். மற்றது கடைசியிலை வரும். ஹாற் டாஸ் கின்ட் மில்ஹ் கெட்ருங்கன்? பிள்ளை பால் குடிச்சுதோ? சொல்லும் பாப்பம்.”

“ஹாற் டாஸ் கின்ட் மில்க்...”

“மில்க் இல்லை, மில்ஹ். தொண்டையிலை முள்ளுக் குத்தினமாதிரிச் சொல்லவேணும்.”

“மில்ஹ். எட, உண்மையாவே முள்ளுக் குத்துதப்பா!”

“போன புதிசிலை எனக்கும் அப்பிடித்தான். நான் கதைச்சால் மதர் தண்ணி கொண்டுவந்து தருவா” என்று கத்தரீனா சிரித்தாள். “இனி ஒண்டு கேக்கவேணும். செல்வரத்தினத்தோடை கதைக்கேக்கை என்னெண்டு கதைக்கப்போறீர்? பிறத்தியாருக்கு ‘சீ’. வீட்டாக்களுக்கு ‘டூ’. அங்கை பெண்சாதியும் புருசனை ‘டூ’ எண்டுதான் சொல்லுவள். எங்கடை ‘நீ’தான்.”

“அவரை நீ எண்டோ! ஐயோ, வாய் வராது எனக்கு. புகையிலைக் கண்டுக்குச் சொல்லிப் பழகினது போதும்.”

“கண்டுக்குச் சொன்னால் கண்டு திருப்பிச் சொல்லுமே?”

“அவர் மட்டும் சொல்லுறாரே? மூண்டு மாசத்துக்கு ஒரு கடிதம்” என்றாள் மீனலோசனி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

குழந்தையைப் பற்றிய கேள்விகள்தான் அவளுக்கு உடனே பாடமாயின. தனக்கென்று ஒன்று வயிற்றில் தங்காதவள். கண்ணால் காணாத வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இங்கேயிருந்து பால் பருக்கினாள், நித்திரையாக்கினாள், உடுப்பு மாற்றினாள். மார்கழியில் பச்சை நூலால் ஒரு குட்டித் தொப்பி பின்னத் தொடங்கினாள். சிவக்கொழுந்து அதைப் பார்த்துவிட்டு, “தலை கொஞ்சம் பெரிசா இருக்கும், அகட்டிப் பின்னு” என்றாள். மாமிக்கு எப்படித் தெரியும் என்று மீனலோசனி அப்போது யோசிக்கவில்லை. கிழவி சும்மா சொல்கிறாள் என்று நினைத்தாள்.

அந்த வருசம் ஆனி மாதத்தில் நடந்த ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். சிவக்கொழுந்து சாமி விசயத்தில் பொல்லாத மனுசி. நயினாதீவு அம்மன் கொடியேறினால் பதினைந்து நாளும் மச்சம் மாமிசம் கிடையாது. தேருக்கும் தீர்த்தத்துக்கும் குறிகட்டுவானில் வள்ளமேறிப் போகாத வருசம் கிடையாது. அந்த வருசம் போகவில்லை. ஜேர்மனியிலிருந்து தந்தி ஒன்று வந்தது. தபாற்காரனிடம் மாமியே வாங்கினாள், தபாற்கந்தோரில் கொண்டுபோய் வாசிப்பித்தாள். ‘வேலை மாறியிட்டானாம், சுகமாம்’ என்று வந்து சொன்னாள். அன்று பின்னேரமே சாமியறைக் கதவைச் சாத்தினாள். முழங்கால் வலியாம், விளக்கு வைக்கக் குந்தி எழும்ப ஏலாதாம். நான் வைக்கிறேன் என்று மருமகள் சொன்னதற்கு, வேண்டாம் என்று விழுந்து கத்தினாள்.

தீர்த்தத்தன்று மீனலோசனிக்கு மனம் கேட்கவில்லை. நயினாதீவுக்குத்தான் போகவில்லை, பக்கத்துப் பிள்ளையாருக்காவது ஒரு தேங்காய் உடைப்போம் என்று போனாள். புருசனோடு போய்ச் சேரவேண்டும், ஒரு பிள்ளை வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். திரும்பி வந்து நெற்றியில் விபூதியோடு படலையைத் திறந்தவளைப் பார்த்துச் சிவக்கொழுந்து போட்ட கூச்சல் மூன்று வீட்டுக்குக் கேட்டது. “ஆரைக் கேட்டுக் கோயிலுக்குப் போனனீ? குலத்தை நாசமாக்கப் பிறந்தவளே!” என்று கையிலிருந்த அகப்பையால் எறிந்தாள். மீனலோசனி ஏன் எதற்கென்று தெரியாமல் கிணற்றடியில் இருந்து அழுதாள். பிறகு ஆனி முடிய ஒருநாள் மாமி வீடு முழுவதும் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குசினியில் மண்சட்டிகளை உடைத்துப் புதுச்சட்டி வைத்து, தலைக்குத் தோய்ந்து சாமியறையைத் திறந்தாள். முழங்கால் சுகம் வந்துவிட்டதென்று மீனலோசனி சந்தோசப்பட்டாள். பாவி!

எண்பத்தோராம் ஆண்டு பொங்கல் முடிந்து நாலாம் நாள் தபாலில் ஒரு படம் வந்தது. கொழுத்த குழந்தை, கறுத்த தலைமயிர், வெள்ளைக் கம்பளிக்குள் கிடந்து சிரிக்கிறது. பின்பக்கம் நீல மையில் வட்ட வட்ட எழுத்து. செல்வரத்தினத்தின் எழுத்தல்ல, வீட்டுக்காரியுடையது. மீனலோசனி படத்தோடு பஸ் ஏறி ஓடினாள்.

“நில்லும், நான் வாசிக்கிறன், நீர் சொல்லாதையும்!” என்று கத்தரீனாவின் கையிலிருந்து படத்தைத் திரும்பப் பறித்தாள். “ஃபூர் டன்ட மீனா. மீனா என்ரை பேர். டன்ட எண்டால்?”

“அன்ரி. மீனா அன்ரிக்கு எண்டு போட்டிருக்கிறா.”

“அன்ரியோ! பிள்ளை பாக்க வாறவளை அப்பிடியே சொல்லுவினம்?”

“சிலவேளை சொல்லுவினம்” என்றாள் கத்தரீனா. குரலில் உற்சாகம் இல்லை. கையில் இருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தோமாஸ். அது பிள்ளையின்ரை பேர். கெபோரன்... பிறந்தது! ஃபியர்ட்செயின், பதினாலு. யூனி. ஆனியிலை பிறந்திருக்கிறார் ஐயா. பதினாலாம் திகதி.” அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல்முதல் ஒரு ஜேர்மன்காரி எழுதியதைத் தானே வாசித்திருக்கிறாள். அன்று கத்தரீனா ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியை யோசிக்காமல் வாங்கிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்து படத்தை எங்கே வைக்கலாம் என்று பார்த்தாள். சுவரில் புதுக் கலண்டர் தொங்கியது. அதன் பின்னால் பழையது. முருகன் படம் போட்ட கலண்டரானபடியால் மாமி எறியவிடவில்லை. படத்தைச் செருகலாமென்று பழையதைத் தூக்கினாள். தாள் புரண்டது. ஆடி மாதத் தாளில் யூலை பதினாலைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம். வட்டம் போடப்பட்ட அன்றே அவள் அதைக் கண்டிருக்கிறாள். ‘உதென்ன மாமி’ என்று கேட்டதற்கு, ‘நாத்துமேடைக்கு எருப் போடுற நாள்’ என்று பதில் வந்தது. நாற்றுமேடைக்கு ஆடியில் யார் எருப் போடுவார்கள்? புகையிலைக்காரி, அப்போது யோசித்திருக்க வேண்டியவள்தான். அன்றைக்குத்தானே வீடு கழுவிச் சட்டி உடைத்தது!

விரலை வைத்து எண்ணினாள். யூன் பதினாலு ஒன்று, பதினைந்து இரண்டு. பதினைந்துதான் தந்தி வந்த நாள். மாதக் கடைசியில் பதினேழு. யூலை பதினாலில் விரல் வந்து நின்றபோது முப்பத்தொன்று. ஐமிச்சத்துக்கு இரண்டாம் தரமும் எண்ணினாள். முப்பத்தொன்றுதான்.

பிள்ளை பிறந்தால் துடக்கு, விளக்கும் கோயிலும் ஆகாத தீட்டு, முப்பத்தொரு நாள். அதுவும் பிள்ளையின் தகப்பன் வழிக்குத்தான் துடக்கு. வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரி பெற்றதற்கு வேலணையில் ஒருத்தி விளக்கு வைக்காமல் இருப்பாளா?

சிவக்கொழுந்து அப்போது குசினி வாசலில் இருந்து கூழுக்கு மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பானை கொதித்தது. மீனலோசனி படத்தையும் கலண்டரையும் அவள் மடியில் போட்டாள்.

“பேரன் வடிவா இருக்கிறான் மாமி.”

கிழவியின் கை நின்றது. படத்தைப் பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று. அந்தப் படத்துக்காக அவள் ஏழு மாதமாக ஏங்கிக் கிடந்திருக்கிறாள்.

“ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது?”

“நீங்கள்தான். ஒரு நாள் இல்லை, முப்பத்தொரு நாள் சொன்னியள். எனக்குத்தான் விளங்கேல்லை.”

“மெதுவாக் கதை. அயலட்டை கேக்கும்.”

“கேக்கட்டும். அகப்பையாலை எறிஞ்சியளே, அண்டைக்கு அயலட்டைக்குக் கேக்கேல்லையே? அவளின்ரை பிள்ளைக்கு என்னைத் துடக்குக் காக்க வைச்சியள். அந்தத் துடக்கோடை போய் நான் எனக்கொரு பிள்ளை தா எண்டு பிள்ளையாரட்டைக் கேட்டிருக்கிறன். ஐயோ மாமி!”

சிவக்கொழுந்து முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். “நான் என்ன செய்ய? பிழை விட்டது அவன். ஆனால் ரத்தம் எங்கடை ரத்தம். துடக்கோடை விளக்கு வைக்க என்னாலை ஏலுமே? சாமிக்குப் பொய் சொல்ல ஏலாது பிள்ளை.”

“எனக்குச் சொல்லலாம்.”

“உன்ரை நன்மைக்குத்தான்...”

“ஓம், சொல்லுங்கோ. என்ன நன்மை? கேப்பம்.”

“அவள் வெள்ளைக்காரி எத்தினை நாளைக்கு இருப்பள்? இண்டைக்கு இவன், நாளைக்கு இன்னொருத்தன். நீ போய் அங்கை வீட்டுக்குள்ளை நிண்டிட்டாய் எண்டால் பிள்ளை உன்னோடை ஒட்டிவிடும். பிறகு அவனும் உன்ரை பக்கம் திரும்புவான். நான்தான் அவனுக்கு எழுதினனான், அவளைப் பாஷை படிப்பிச்சுக் கூப்பிடு எண்டு. இல்லாட்டி அவன் உன்னை மறந்தே போயிருப்பான்.”

அவன் செய்தது மீனலோசனிக்கு வெட்டினமாதிரி இருந்தது. மாமி செய்தது வேறு மாதிரி இருந்தது. மூன்று வருசம் இந்த மனுசிக்கு முதுகு தேய்த்துவிட்டிருக்கிறாள், காய்ச்சலில் கஞ்சி பருக்கியிருக்கிறாள், ஒரே சட்டியில் பழஞ்சோறு குழைத்துத் தின்றிருக்கிறாள். அவள் தொப்பி பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்து, தலை பெரிது என்று அளவு சொல்ல எப்படி மனம் வந்தது?

“அவளுக்குத் தெரியுமே, நான் ஆரெண்டு?”

“ஆருக்கு?”

“அந்த ஹெல்காவுக்கு.”

சிவக்கொழுந்து படத்தை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். “தங்கச்சி எண்டுதான் சொல்லியிருக்கிறான்.”

அன்று கூழை மாமி மட்டும்தான் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை மீனலோசனி பாடத்துக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டாள். செல்வரத்தினம் அனுப்பியிருந்த கசற் றெக்கோடரைச் சீலைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தாள். நடந்ததைக் கத்தரீனாவுக்குச் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை.

“உமக்குத் தெரியுமோ?”

“தெரியாது. ஒரு ஐமிச்சம். ஒரு வாடகைக்காரன்ரை தங்கச்சிக்கு அப்பிடி ஆசையா எழுதமாட்டாளவை. பிள்ளையின்ரை தலைமயிரும்...”

“ஏன் சொல்லேல்லை?”

“நீர் அவ்வளவு சந்தோசமா வாசிச்சீர்” என்றாள் கத்தரீனா. கண் கலங்கியிருந்தது. “பிழைதான். மன்னியும் மீனா.”

“எல்லாருமாச் சேந்து என்னைச் சந்தோசமா வைச்சிருந்திருக்கிறியள்” என்றாள் மீனலோசனி. கோபத்தோடு வாசல்வரை போனாள். பிறகு திரும்பி வந்தாள். போக வேறு இடமில்லை. அவளுக்கு ஒரு வசனம் வேண்டும். அதைத் தரக்கூடியவள் தீவில் இவள் ஒருத்திதான்.

மீன் காயப்போட்ட முற்றத்தில், காகத்தின் சத்தத்துக்கு நடுவில், றெக்கோடரை ஒரு கதிரையில் வைத்துப் பொத்தானை அமத்தினார்கள். மீனலோசனி முதலில் அவன் எழுதி அனுப்பிய பதினாறு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டாள். குழந்தை பால் குடித்ததா? குழந்தை நித்திரை கொண்டதா? நீங்கள் சாப்பிட்டீர்களா? கதவைப் பூட்டினீர்களா? ஒன்றும் தவறவில்லை. மில்ஹ் சரியாக வந்தது. அந்தப் பிள்ளையில் அவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் அவளை அழவைத்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கலியாணம் முடித்து நாலரை வருசத்தில் முதல்தரம். “செல்வரத்தினம், வோ பிஸ்ற் டூ கெவேசன்?” நீ எங்கை இருந்தனீ? நீ என்று வாய் தடங்காமல் வந்தது.

கடைசியாக, கத்தரீனா துண்டில் எழுதிக் கொடுத்ததைப் பார்க்காமலே சொன்னாள். மரியாதையாக, பிறத்தியாரோடு பேசுகிற மாதிரி, ஆறுதலாகச் சொன்னாள்.

“ஃபிறவ் ஹெல்கா. ஹாற் ஏர் ஈனன் கெசாக்ற், வேர் இஹ் பின்?”

நான் யாரென்று அவர் உங்களுக்குச் சொன்னாரா?

கசற்றோடு, நடு அறைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த கலியாணப் படத்தையும் சேர்த்துக் கட்டினாள். மணவறையில் செல்வரத்தினம் தலைப்பாகையோடு அவள் கழுத்தில் தாலி கட்டுகிற படம். எழுத்து இல்லாதவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. மேல்விலாசத்தில் ஹெல்காவின் பெயரைக் கத்தரீனா எழுதினாள். தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டுத் துண்டை வாங்கி, தாலிக்கொடியில் கொழுவியிருந்த ஊசியில் குத்திக்கொண்டாள். திரும்பி வந்து கத்தரீனா வீட்டில் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சிவக்கொழுந்து விளக்கு வைத்துவிட்டு நடு அறையில் நின்றாள். சுவரில் கலியாணப் படம் தொங்கிய இடத்தில் வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டியே பிள்ளை?”

“ஓம். கத்தரீனா வீட்டிலை சாப்பிட்டனான்.”

வேறொரு நாளாயிருந்தால் அதற்கே வீடு இரண்டுபட்டிருக்கும். கிழவி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“படத்தை எங்கை?”

“அனுப்பிப்போட்டன். ஹெல்காவுக்கு.”

“ஐயோ, என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை! என்னடி எழுதினனீ அவளுக்கு?”

“எழுதேல்லை மாமி. கேட்டனான்.”

“என்ன கேட்டனீ?”

மீனலோசனி சொன்னாள். தொண்டையில் முள்ளுக் குத்துகிற இடத்தில் முள்ளுக் குத்தச் சொன்னாள். சிவக்கொழுந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“விளங்கேல்லையடி. தமிழிலை சொல்லன்.”

“உங்கடை நன்மைக்குத்தான் மாமி” என்று சொல்லிவிட்டு, நாளைக் காலை தன் ஊரான அனலைதீவு வள்ளத்துக்குக் கொண்டுபோக உடுப்புப் பெட்டியை இறக்கினாள்.